பழைய ஹாம் ரிசீவரில் பில்டர் பழுதா? மட்டக்களப்புப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஐ.எஃப் பில்டர் எங்கே வாங்கலாம்?" என்றுதான் ஹாம் ரிசீவர், அதாவது அமெச்சூர் வானொலிச் செட், வைத்திருப்பவர்களிடமிருந்து முதல் கேள்வி வரும். ஐ.எஃப் என்பது வரும் ஸ்டேஷனைச் செட்டுக்குள் மாற்றி எடுக்கிற இடைநிலை அலைவரிசை, பெரும்பாலும் 455 கிலோஹேர்ட்ஸ். வாங்குவதைப் பிறகு பார்ப்போம். பழைய ரிசீவர்களில் பில்டர் தானாகச் சாவது குறைவு. பக்கத்தில் இருக்கிற ஒரு கண்டென்சர் கசிந்து அதைச் சாகடித்திருக்கும், இல்லாவிட்டால் பில்டர் நல்லபடி இருக்க, சுவிட்சில் களிம்பு ஏறியிருக்கும். காரணத்தைப் பிடிக்காமல் புதிய பில்டரைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று பல இடங்களிலிருந்தும் வால்வு செட்டும் பழைய ஜப்பான் செட்டும் வைத்திருப்பவர்கள் கேட்பவை இவை.

கடையில் காட்டினேன், "பில்டர் போயிட்டு" என்றார்கள். எந்த பில்டர்?

நம்ம ஊர் ரேடியோ கடையில் பில்டர் என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். அது போனால் ஸ்டேஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும், வால்யூமைக் குறைத்தாலும் அநேகமாக நிற்காது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் முழு அலை ரெக்டிபயர் உள்ள செட்டில் அந்த இரைச்சல் 100 ஹேர்ட்ஸில் கேட்கும். அதைவிடத் தாழ்ந்த 50 ஹேர்ட்ஸ் குரலாக இருந்தால் ஏதாவது ஒரு வால்வில் ஹீட்டருக்கும் கத்தோட்டுக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐ.எஃப் பில்டர் வேறு. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் நமக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விடுவது அது. ஐ.எஃப் டிரான்ஸ்போமர், மெக்கானிக்கல், செராமிக், கிறிஸ்டல் என்று செட்டுக்குச் செட் வகை மாறும். அது பழுதானால் இரைச்சல் வராது. சத்தம் தாழும், பொரியும், குரல் குழறும், அல்லது பக்கத்து ஸ்டேஷன் நுழையும். இனி வருவதெல்லாம் இந்த இரண்டாவது பில்டரைப் பற்றி.

செட்டைத் திறக்க முன் என்ன கவனிக்க வேண்டும்?

வால்வு செட்டில் பி பிளஸ், அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி வோல்ட், பெரும்பாலும் 200, 250 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் அது தங்கி நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் சேஸிஸுக்கு (செட்டின் உலோக உடலுக்கு) தொட்டு இறக்கி, மீற்றரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பல வருடம் பரணில் கிடந்த செட்டை நேராக 230 வோல்ட்டில் போடாதீர்கள். 60 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் வைத்துப் போடுங்கள். பல்ப் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். அமெரிக்க செட்டின் பின்பக்கம் 115 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடக்கூடாது.

ஐ.எஃப் பில்டர்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் காதால். ஏரியலைக் கழற்றிவிட்டு வால்யூமைக் கூட்டுங்கள். அகலம், ஒடுக்கம் என்று பில்டர் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். அகலமான நிலையில் "ஸ்ஸ்" என்ற கூர்மையான ஓசையும், ஒடுக்கமான நிலையில் கொஞ்சம் மூடிய தாழ்ந்த ஓசையும் கேட்க வேண்டும். ஒரு நிலையில் மட்டும் செட் ஊமையானால் அந்த பில்டரில் அல்லது அதற்குப் போகும் சுவிட்சில் பழுது. எல்லா நிலையிலும் ஒரே ஓசை என்றால் சுவிட்ச் மாறவே இல்லை, பில்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுவிட்சை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீடுகளில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது வெள்ளி பூசிய அந்தத் தொடுகைகளைத்தான். கொண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, சுவிட்சை இருபது முப்பது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாலே உயிர் வந்த செட்டுகள் நிறைய. டயோட்டால் பில்டர் மாற்றும் 1970களின் கடைசிச் செட்டுகளில் சுவிட்சை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. அந்த டயோட்டுக்குப் போகும் வோல்ட் வருகிறதா என்றும் அளக்க வேண்டும்.

அடுத்தது பைபாஸ் சோதனை. செட்டை நிறுத்தி, பில்டரின் உள்வழிக்கும் வெளிவழிக்கும் குறுக்கே 0.001 மைக்ரோபராட், 630 வோல்ட் கண்டென்சர் ஒன்றை கிளிப்பால் மாட்டி, மறுபடி போடுங்கள். ஸ்டேஷன்கள் (ஒன்றோடொன்று கலந்தாலும்) பலமாக வந்தால் பில்டர் கடத்தவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது, பில்டரை விட்டுவிடுங்கள். இதைச் செய்யும்போது ஏ.ஜி.சியை (சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் பகுதியை) நிறுத்தி, பலவீனமான ஸ்டேஷன் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஏ.ஜி.சி வேலை செய்துகொண்டிருந்தால் இழப்பையெல்லாம் அது சமப்படுத்தி நம்மை ஏமாற்றிவிடும்.

சிக்னல் ஜெனரேட்டர் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. பில்டருக்குப் பிறகு வரும் வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனையில்) 455 கிலோஹேர்ட்ஸைக் கொடுத்து அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு பில்டருக்கு முன்னால் கொடுங்கள். நல்ல பில்டர் பெரும்பாலும் சில டெசிபல்தான் விழுங்கும். 20, 30 என்று விழுங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

அண்ணன், செட் எப்போதும் படபடவென்று பொரிகிறது. ஏரியலா, பில்டரா?

ஏரியலைக் கழற்றி, ஏரியல் முனையை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். பொரிச்சல் நின்றால் அது வெளியிலிருந்து வந்தது. எல்.இ.டி பல்ப், சோலார் இன்வேர்ட்டர், போன் சார்ஜர் என்று இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறதே. நிற்காவிட்டால் உள்ளே தேட வேண்டும்.

உள்ளே தேடுவதற்கு வால்வு கழற்றத் தேவையில்லை. 0.1 மைக்ரோபராட், 630 வோல்ட் கண்டென்சர் ஒன்றின் ஒரு காலைச் சேஸிஸில் பிடித்து, மறு காலால் ஐ.எஃப் வால்வுகளின் கிரிட்டைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்டதும் பொரிச்சல் நின்றால் அது அந்த கிரிட்டிலோ அதற்கு முன்னாலோ உண்டாகிறது. நிற்காவிட்டால் அதற்குப் பின்னால். நிற்கும் இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும் நடுவில் கள்ளன் இருக்கிறான்.

தேடிப் பார்த்தால் ஐ.எஃப் டிரான்ஸ்போமரில் வந்து நிற்கிறது. அதற்குள் பழுதாக என்ன இருக்கிறது?

இதுதான் நம்ம பகுதியில் அதிகம் பார்க்கிற வியாதி, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க செட்டுகள் பலவற்றில் ஐ.எஃப் டிரான்ஸ்போமர் டின்னின் அடிப்பகுதியில், காயோடு (கம்பிச் சுருளோடு) சேர வேண்டிய கண்டென்சர்களைத் தனியாக வைக்காமல், மெல்லிய மைக்கா தகடு ஒன்றில் வெள்ளியைப் பூசிச் செய்திருப்பார்கள். ஒரே தகட்டில் பிரைமரிக்கு ஒரு கண்டென்சர், செக்கண்டரிக்கு ஒரு கண்டென்சர். பிரைமரிப் பக்கம் பி பிளஸ் நிற்கும், செக்கண்டரிப் பக்கம் கிரிட். ஈரம் புகுந்தால், அந்த டி.சி அழுத்தத்தில் வெள்ளி மெதுவாக மைக்கா மேல் நகரத் தொடங்கும். ஒரு நாள் இரண்டு பக்கமும் கிட்ட வந்து பொறி பறக்கும். அதுதான் நீங்கள் கேட்கும் பொரிச்சல். மாரியில் கூடும், கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்திருக்கும் நாட்களில் குறையும். குறைந்ததை வைத்து "தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைக்க வேண்டாம்.

உறுதி செய்ய: செக்கண்டரியின் இரு கால்களையும் சேர்கிட்டிலிருந்து கழற்றிவிட்டு, செட்டைப் போட்டு, அவற்றில் ஒரு காலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் டிஜிட்டல் மீற்றரால் வோல்ட் பாருங்கள். அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. பொசிட்டிவ் வோல்ட் தெரிந்தால், அதுவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், தகடு போய்விட்டது.

சரி செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். டின்னைக் கழற்றி, காலுக்கு எது எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொண்டு, அடித் தகட்டைத் திறந்து மைக்காவை எடுத்துவிடுங்கள். தொடுகைத் தகரங்கள் ஒன்றையொன்று முட்டாமல் வளைத்துவிட வேண்டும். அதன்பின் பிரைமரிக்கும் செக்கண்டரிக்கும் தனித்தனியாக 500 வோல்ட் சில்வர் மைக்கா அல்லது சி0ஜி வகை செராமிக் கண்டென்சர். அளவு சேர்கிட் படத்தில் இருந்தால் அது, இல்லாவிட்டால் 100 பிகோபராட்டில் தொடங்கி, திருகாணி நடுவில் இருக்கும்போது 455 கிலோஹேர்ட்ஸில் உச்சம் வருகிறதா என்று பாருங்கள். சாதாரண மஞ்சள் டிஸ்க் செராமிக் போடாதீர்கள், சூடேற ஏற அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு டிரான்ஸ்போமரில் இந்த வியாதி வந்தால் அதே செட்டில் மற்றவையும் அதே வயதுதான். ஒரே தடவையில் எல்லாவற்றையும் செய்து முடிப்பது நல்லது.

ஐ.எஃப் திருகாணிகளைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?

வேண்டாம். பழுது திருகாணியில் இல்லை.

மெக்கானிக்கல் பில்டர் உள்ள செட்டில் சத்தம் மிகத் தாழ்ந்துவிட்டது. ஏன்?

கொலின்ஸ் 75ஏ-4, ஆர்-390ஏ, ட்ரையோ 9ஆர்-59டி.எஸ் போன்றவை இந்தக் கூட்டம். மின் அலையை அதிர்வாக மாற்றி, நுட்பமாகச் செய்த உலோக அதிரிகள் வழியாக அனுப்பி, மறுமுனையில் மறுபடி மின் அலையாக்குவதுதான் மெக்கானிக்கல் பில்டர். 1950களின் கொலின்ஸ் பில்டரில் இந்த அதிரிகள் நாணயம் அடுக்கியதுபோல் தட்டுத் தட்டாக இருக்கும். பழுது இரண்டு வகையில் வரும்.

முதலாவது, காய் அறுந்துபோவது. கொலின்ஸ் வகையில் உள்வழி, வெளிவழிக் காய்களை டிஜிட்டல் மீற்றரால் அளந்தால் சில பத்து ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காய் போய்விட்டது. அப்படிப் போகவைப்பது யார்? ஆர்-390ஏயில் பில்டருக்கு முன்னால் சி553 என்று 0.01 மைக்ரோபராட் கண்டென்சர் ஒன்று இருக்கிறது. வால்வின் பிளேட்டில் (வெளிவழி முனையில்) நிற்கும் பி பிளஸ் பில்டருக்குள் போகாமல் மறிப்பது அது ஒன்றுதான். வயதாகி அது கசிந்தால் டி.சி முழுவதும் மயிர் போன்ற அந்தக் காய்க்குள் ஓடி எரித்துவிடும். நான்கு பில்டரும், அதாவது 2, 4, 8, 16 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ளவை, இந்த ஒரு கண்டென்சருக்குப் பின்னால்தான் நிற்கின்றன. இந்த செட் கைக்கு வந்தால் முதன்முதல் போடுவதற்கு முன்பே சி553ஐ 600 வோல்ட் தாங்கும் புதிய பிலிம் கண்டென்சராக மாற்றிவிடுங்கள். வேறு மாடல் என்றாலும் பில்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நிற்கும் கண்டென்சர் எது என்று சேர்கிட் படத்தில் தேடி அதையே முதலில் மாற்ற வேண்டும். இந்தச் சின்ன வேலைக்குப் பஞ்சிப்பட்டு அரிய பில்டரை இழந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இரண்டாவது வகையில் காய் நல்லபடி அளக்கும், ஆனால் சத்தம் தாழ்ந்து, குரல் குழறும். செட்டைத் தட்டினாலோ சூடேறினாலோ திடீரென்று திரும்பி வரும். அந்த அதிரிகளைத் தாங்கியிருந்த ஸ்பொஞ்ச் காலப்போக்கில் உருகிப் பிசினாகி அவற்றில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஒட்டினால் அதிர முடியாது. கொலின்ஸிலும் ஜப்பானின் கொக்குசாய் பில்டர்களிலும் இது பிரசித்தமான பழுது. டின்னின் ஈய ஒட்டை இளக்கி, உள்ளிருப்பதை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் பிசினைக் கழுவி, ஸ்பொஞ்சுக்குப் பதில் மெல்லிய சிலிக்கோன் குழாய்த் துண்டுகளைத் தாங்கலாக வைத்து உயிர்ப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தட்டுகளை இணைக்கும் கம்பி ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. ஆகவே வேறு பில்டர் கிடைக்க வழியே இல்லை என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். 75ஏ-4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: பில்டர்கள் சொக்கட்டில் மாட்டுபவை. இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் பழுது பில்டரோடு போகிறதா, சொக்கட்டிலேயே நிற்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

செராமிக் பில்டருக்கும் இப்படிப் பிசின் பிடிக்குமா?

பிடிக்காது. ஆனால் மைக்கா தகட்டுக்கு வந்த அதே வெள்ளி வியாதி இதற்கும் வரும். உள்ளே இருக்கும் செராமிக் துண்டுகளின் முகத்தில் வெள்ளி பூசியிருக்கிறது. பில்டரின் காலில் டி.சி வோல்ட் நிரந்தரமாக நின்றால் வெள்ளி நகர்ந்து கசிவு உண்டாகும். 1970களின் கடைசி, 1980களின் ஜப்பான் செட்டுகள் சிலவற்றில் சேர்கிட்டையே அப்படித்தான் வரைந்திருப்பார்கள், ஒரு கண்டென்சரின் காசை மிச்சம் பிடித்து.

பில்டரைக் கழற்றி, உள்வழிக் காலுக்கும் டின்னுக்கும் இடையில் மெகாஓம் அளவில் பாருங்கள். ஒன்றும் காட்டக்கூடாது. கிலோஓம் கணக்கில் ஏதாவது காட்டினாலோ எண் ஆடிக்கொண்டிருந்தாலோ பில்டர் முடிந்தது. புதியதைப் போடும்போது இரு பக்கமும் 0.1 மைக்ரோபராட் கண்டென்சர் தொடரில் வைத்து, பில்டரின் காலிலிருந்து சேஸிஸுக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போட்டுவிட்டால் டி.சி இனி அந்தப் பக்கம் வராது.

கிறிஸ்டல் பில்டரைப் போட்டதும் ஸ்டேஷன் மறைகிறது. கிறிஸ்டல் செத்துவிட்டதா?

எச்.ஆர்.ஓ, ஹமர்லண்ட் எச்.கியூ-129எக்ஸ் போன்று பேசிங் குமிழ் (கிறிஸ்டல் பில்டரைச் சரிசெய்யும் குமிழ்) உள்ள செட்டாக இருந்தால், கிறிஸ்டலைச் சந்தேகிக்க முன் ஒரு கேள்வி: யாராவது ஐ.எஃப்பை "சரியாக 455" என்று வைத்து ட்யூன் பண்ணினார்களா? கிறிஸ்டல் 455இலேயே அதிர வேண்டும் என்று இல்லை. ஒரு கிலோஹேர்ட்ஸ் தள்ளி நின்றாலும் அது நல்ல கிறிஸ்டல்தான், ஆனால் ஐ.எஃப் டிரான்ஸ்போமர்கள் அதோடு ஒத்துப்போக வேண்டும். பில்டரை மிக ஒடுக்கமான நிலையில் வைத்து, ஜெனரேட்டரை மிக மெதுவாக 453இலிருந்து 458 வரை நகர்த்துங்கள். எங்கோ ஓரிடத்தில் மீற்றர் துள்ளும். அதுதான் உங்கள் செட்டின் உண்மையான ஐ.எஃப். ஜெனரேட்டரை அங்கேயே விட்டு, கிறிஸ்டலை விலக்கி, எல்லா டிரான்ஸ்போமரையும் அந்த அலைவரிசைக்கு உச்சத்தில் வையுங்கள். (மேலே "திருகாணியைத் தொட வேண்டாம்" என்று சொன்னதற்கு, மைக்காவை மாற்றிய டின்னை விட்டால், விலக்கு இது ஒன்றுதான், அதுவும் ஜெனரேட்டர் இருந்தால்.)

எங்கேயும் துள்ளாவிட்டால் கிறிஸ்டலைக் கழற்றிப் பார்க்கலாம். அழுத்தத் தகடு வகை ஹோல்டர் என்றால் திறந்து, கிறிஸ்டலை ஓரத்தில் மட்டும் பிடித்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அல்கஹோலில் அலசி, காயவைத்து மாட்டுங்கள். முகத்தில் விரல் படக்கூடாது.

ஜப்பான் செட்டான எஃப்.ஆர்.ஜி-7இல் எஸ்.எஸ்.பி (ஹாம் ஆட்கள் பேசும் ஒடுக்கமான குரல் முறை) கேட்கும்போது பக்கத்து ஆட்களும் சேர்ந்து கேட்கிறார்கள். பில்டர் அகன்றுவிட்டதா?

இல்லை, அதைச் செய்த யேஸு (Yaesu) கம்பனி அப்படித்தான் செய்து விற்றது. ஏ.எம்முக்கும் எஸ்.எஸ்.பிக்கும் ஒரே செராமிக் பில்டர், அகலம் 6 கிலோஹேர்ட்ஸ் அளவில். 7 மெகாஹேர்ட்ஸில் இரவில் நெரிசல் கூடினால் போதவே போதாது. ஒடுக்கமான பில்டர் ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது ரிப்பேர் அல்ல, ஆசை.

எஃப்.ஆர்.ஜி-7இன் லொக் விளக்கு (அலைவரிசை பிடிபட்டதும் அணைய வேண்டியது) அணையாவிட்டால் அதற்கும் 455க்கும் சம்பந்தமில்லை. அந்தச் செட்டில் 52.5 மெகாஹேர்ட்ஸுக்கு என்று தனி பில்டர் வரிசை இருக்கிறது. அது நகர்ந்திருக்கலாம், அல்லது 1 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலின் ஹார்மோனிக் பலவீனமாக இருக்கலாம்.

நானோ வி.என்.ஏ (பில்டர் எதை விடுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் சின்னக் கருவி) வைத்து பில்டரைப் பார்க்கலாமா?

தாராளமாக. அது 50 கிலோஹேர்ட்ஸிலிருந்து வேலை செய்யும். ஆனால் அதன் வழி 50 ஓம், முராட்டா கம்பனியின் செராமிக் பில்டருக்கு வேண்டியது 1.5 முதல் 2 கிலோஓம். நேராக மாட்டினால் மலைபோல் கோணல்மாணலான கோடு வரும், நல்ல பில்டரும் பழுதாகத் தெரியும். 2 கிலோஓம் பில்டருக்கு இரு பக்கமும் 1.95 கிலோஓம் தொடரில் வையுங்கள். அப்போது கோடு 32 டெசிபல் கீழே தொடங்கும். அது ரெசிஸ்டர் எடுத்தது, அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கொலின்ஸ் பில்டருக்கு இரு காயோடும் இசைவுக் கண்டென்சர் சேர்க்காமல் அளந்தால் அதுவும் பொய் சொல்லும்.

சரி, புதிய பில்டர் எங்கே கிடைக்கும்?

கொலின்ஸ் மெக்கானிக்கல் பில்டர் இப்போது உற்பத்தியில் இல்லை. டின் போட்ட பழைய முராட்டா வகைகள் இணையத்தில் வரும், போலியும் வரும். சி.எஃப்.ஆர் 455க்குப் பின்னால் இருக்கும் எழுத்துத்தான் அகலம்: எச் என்றால் 6, ஐ என்றால் 4, ஜே என்றால் 3 கிலோஹேர்ட்ஸ். கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை செட் பேச வேண்டுமென்றால் வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தேடுங்கள். அதற்குள் மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலையோடு மூன்று சின்ன டின்கள் இருக்கும், மூன்றும் 455 கிலோஹேர்ட்ஸ். சிவப்பைத் தொடாதீர்கள், அது ஓசிலேட்டர். டிரான்சிஸ்டர் ரிசீவரில் பில்டரின் இடத்தில் இந்த டின் இரண்டைத் தளர்வாகச் சேர்த்து வைத்தால் ஏ.எம் கேட்கப் போதும். வால்வு செட்டின் பி பிளஸுக்கு இவை தாங்காது.

2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய செட், அப்பா அப்படியே கட்டி வைத்திருந்தார். தேறுமா?

பில்டர் தேறலாம், அதைச் சுற்றியுள்ளவைதான் சந்தேகம். சீல் பண்ணிய மெக்கானிக்கல், கிறிஸ்டல், செராமிக் பில்டர்களுக்குள் சேறு போயிருக்காது. திறந்த ஐ.எஃப் டின்களுக்குள் போயிருக்கும். அவற்றில் காயின் மெல்லிய கம்பியைப் பச்சைக் களிம்பு தின்றிருக்கும். எல்லாவற்றுக்கும் முன் காய்களை ஒவ்வொன்றாக அளந்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் பில்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விடுவதே புத்தி.

மிச்சம் நல்லதென்றால் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, கடைசியாக டிஸ்டில் வாட்டரில் அலசி, கச்சான் காலத்தில் நிழலில் பல நாள் காயவிடுங்கள். பவர் டிரான்ஸ்போமரைக் கழுவ வேண்டாம், அதைத் தனியாகக் கழற்றிக் காயவைத்து, கரண்ட் கொடுக்க முன் மெகரால் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். மெகர் கையில் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்பு மோட்டார் வைண்டிங் செய்கிற கடையில் கேளுங்கள், அநேகமாக இருக்கும்.